ஆசிட் சார் பெஞ்சில் உட்கார்ந்த வருஷம்

இந்தப் பூமியில் இதுவரை பிறந்த, இனிமேல் பிறக்கப்போகிற பேராசிரியர்கள் அத்தனை பேரையும் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மறு தட்டில் என் மாமாவை மட்டும் உட்கார வைத்தால், அந்தப் பேராசிரியர்கள் எல்லாரும் ஆகாயத்தில் போய் ஒட்டிக்கொள்வார்கள். மாமா சாக்பீஸ் எடுத்தால் கரும்பலகை மரியாதையாக இன்னும் கொஞ்சம் கறுத்துக்கொள்ளும். அவர் தும்மினால் பக்கத்தில் நிற்கிற நாலு பேருக்கு டாக்டர் பட்டம் கிடைக்கும். எங்கள் பல்கலைக்கழக மணிக்கூண்டு, அவர் வந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் மணி அடிக்கத் துணியும்.

கொஞ்சம் கூடிப்போய்விட்டது. தராசு விஷயம் மட்டும் உண்மை. மாமா நல்ல எடை.

அவர் வேதியியல் பேராசிரியர். மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆசிட். வேதியியல் என்பதால் வைத்த பெயரல்ல. பதில் தெரியாமல் யாராவது எழுந்து நின்றால் மாமா திட்ட மாட்டார், கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு சொட்டு விடுவார்: "இதுகூடவா தெரியலை?" அவ்வளவுதான். விழுந்த இடத்தில் ஓட்டை.

நான் அவருடைய தங்கை மகள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பாதி வழியில் ஒத்துவராமல் போனது. தப்பு யார் மேல் என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. மாமா என்னைக் கூட்டிவந்து வளாகத்துக்குள்ளேயே இருக்கும் தன் குவார்ட்டர்ஸில் வைத்துக்கொண்டார். டிராயிங் ஹாலை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. ஒரு பல்கலைக்கழகத்தில் எல்லாம் தெரிந்தவர் துணைவேந்தர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். கிடையாது. ஜெராக்ஸ் கடைதான். யாருக்குக் கல்யாணம், யாருக்கு மாற்றல், யார் யாருடைய கட்டுரையைப் பார்த்து எழுதினார் என்பதெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு மேலே படுத்து எழுந்துதான் போகும். போதாததற்கு டிராயிங் ஹாலின் ஜன்னல்கள் என் கவுண்டரைப் பார்த்துத்தான் திறக்கும்.

மாமாவின் பூர்வ கதை சின்னது. எங்கள் தாத்தா லாரி ஓட்டியவர். வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தது மாமா. ஒன்றாம் வகுப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை எதிலும் இரண்டாவதாக வந்ததில்லை. நீச்சல் தெரியாதவன்கூட தண்ணீரைப் பார்த்தால் பயப்படுவான். மாமா தண்ணீரையே பார்த்ததில்லை. ஃபெயில் என்பது அவரைப் பொறுத்தவரை மற்றவர்களுக்கு வருகிற ஒரு வியாதி.

அந்த வியாதி அவருடைய வகுப்பில்தான் அதிகம். முதலாண்டு வேதியியலில் வருஷா வருஷம் பாதிக்குப் பாதி அவுட். மாமா ராப்பகலாகத் தயார் செய்வார், ஒரு வகுப்பைத் தவற விடமாட்டார், ஆனாலும் ரிசல்ட் வரும்போது யாரோ இருட்டில் கன்னத்தில் அறைந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு வருவார். அத்தை ஒன்றும் கேட்க மாட்டார். அத்தை பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது அவர் தொழில். அதனால் வீட்டில் அந்த வேலையைச் செய்வதில்லை.

போன வருஷம் துணைவேந்தர் ஒரு கூட்டம் போட்டார். பல்கலைக்கழகத்தின் கல்வித் தரத்தை எப்படி உயர்த்துவது என்று யோசிக்க. அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுக்கப் போன வேதியியல் துறை டைப்பிஸ்ட் அக்கா, மறுநாள் என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு முழுப் படத்தையும் ஓட்டிக் காட்டினார்.

ஒருவர் வெளியிலிருந்து நிபுணரைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாம் என்றாராம். ஒருவர் வாசலில் பெரிய பலகை வைக்கலாம் என்றாராம். இன்னொருவர் சிறந்த துறைக்கு ஒரு சுழற்கோப்பை என்றிருக்கிறார், அதை வைக்க அலமாரி வேண்டும் என்று பேச்சு அலமாரிப் பக்கம் போய்விட்டிருக்கிறது. கணிதத் துறைத் தலைவர் எழுந்திருக்கிறார். ஆள் சின்ன உருவம், சூடு பட்டால் உடனே பொரிவார், அதனால் வளாகத்துக்கே அவர் கடுகு.

"பசங்க படிக்கறதில்ல சார், அதான் விஷயம்" என்றிருக்கிறார் கடுகு. "போனைப் பிடுங்குங்க, தரம் தானா உயரும்."

துணைவேந்தர் மாமா பக்கம் திரும்பினாராம். "உங்க பேப்பர்லதான் நிறைய போறாங்க. நீங்க சொல்லுங்க சார், ஏன்?"

"எனக்குத் தெரியலை" என்றாராம் மாமா.

"ஆசிட் சார் வாயால 'தெரியலை'ன்னு சொல்லி நான் கேட்டதே இல்லடி" என்றார் டைப்பிஸ்ட் அக்கா. "ஷார்ட்ஹேண்ட்ல அதுக்கு எப்படிக் கோடு போடறதுன்னே எனக்கு மறந்துபோச்சு."

பிறகு மாமா சொன்னதை அக்கா அப்படியே ஒப்பித்தார்: "எனக்கு ஒண்ணு புரியாம இருந்து முப்பது வருஷம் ஆகுது. புரியாம உட்கார்ந்திருக்கறவன் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்கு ஞாபகம் இல்லை. இங்க யாருக்காவது இருக்கா?"

யாரும் கை தூக்கவில்லை. மாமா தொடர்ந்தாராம். பாடம் நடத்துகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு பாடம், தனக்குச் சுத்தமாகத் தெரியாத பாடம், முதலாண்டுப் பசங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டும். வீட்டுப்பாடம் உண்டு. பரீட்சை உண்டு. மார்க்கைப் பசங்க மார்க்கோடு சேர்த்து அதே பலகையில் ஒட்ட வேண்டும்.

"பிரமாதம்" என்றாராம் துணைவேந்தர். "நீங்களே ஆரம்பிங்க."

"ஃபெயில் ஆயிட்டா?" என்றார் கடுகு.

"ஆயிட்டா திட்டத்தை மூடிடுவோம். பாஸ் ஆனா எல்லாருக்கும் கட்டாயம்" என்றார் துணைவேந்தர்.

அன்று அந்த அறையிலிருந்த அத்தனை பேரும் மாமா ஃபெயிலாக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பாடம் என்று பேச்சு வந்தபோது கடுகு முந்திக்கொண்டார். "சாருக்கு இன்ஜினியரிங் டிராயிங் கொடுங்க. சார் போர்டுல பீக்கர் வரைஞ்சா பசங்க வாளின்னு நினைச்சு நோட்ல எழுதறாங்க."

இப்படித்தான் ஆசிட் சார் டிராயிங் ஹாலுக்குள் டி-ஸ்கொயர் என்கிற நீளக் கோடுபோடும் சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நுழைந்தார். நான் அன்று கடையில் ஒரு காகிதம்கூட நகல் எடுக்கவில்லை. ஜன்னல் பக்கமே நின்றேன்.

பெஞ்ச் அவருக்குப் போதவில்லை. முட்டி போர்டில் இடித்தது. பக்கத்து இடத்தில் ஒட்டடைக்குச்சி என்று ஒரு பையன்; அந்த உயரத்துக்கும் ஒல்லிக்கும் வேறு பெயர் வைக்க முடியாது. போன பருவத்தில் மாமாவின் பாடத்தில் போனவன். அவன் தன் உடம்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி, பெஞ்சின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தான். மாமாவின் மறுபக்கம் டைப்பிஸ்ட் அக்கா. ஆமாம், அவரும்தான். "பாடம் நடத்தறவங்க மட்டும்தானா சார், அவங்களுக்கு டைப் அடிக்கறவங்க வரக்கூடாதா?" என்று துணைவேந்தரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பாடம் எடுப்பவர் ஒரு சின்ன வயது மேடம். வேலை நிரந்தரமில்லை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் மாமாவின் மாணவி. ஆசிட் பட்ட தழும்பு அவரிடமும் இருக்கிறது என்று வளாகத்தில் பேச்சு. வருகைப்பதிவு எடுத்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது.

"அறுபத்து மூணு?"

"இருக்கேம்மா."

"'எஸ் மேடம்'னு சொல்லணும் சார்."

மாமா கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "எஸ் மேடம்."

பின் வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்கி விக்கினான்.

முதல் வாரமே சிக்கல் வந்தது. கோடு கோணலாகப் போனதுகூட இல்லை. அது எல்லாருக்கும் போகும். மாமாவுக்கு அழிக்க வராது. ஆய்வகத்தில் அவர் வைத்திருக்கும் சட்டம் இது: எழுதியதை அழிக்கக் கூடாது, தப்பென்றால் மேலே ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அளந்தது அளந்ததுதான், மறைத்தால் அது அறிவியல் இல்லை. ரப்பரோடு ஆய்வகத்துக்குள் வந்த பையனை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். அப்படிப்பட்ட மனுஷன் டிராயிங் ஷீட்டிலும் அதையே செய்தார். தப்பாக விழுந்த ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில் கையெழுத்து. தேதி.

மேடம் அந்த ஷீட்டைத் தூக்கிப் பிடித்தார். "சார், இது கூம்போட வெட்டுமுகமா, கோர்ட்டுப் பத்திரமா?"

"தப்பை மறைக்கக் கூடாதில்லையா மேடம்."

"மறைக்க வேண்டாம் சார், அழிங்க. இதைப் பார்த்து ஒருத்தர் மிஷின் செய்யணும். இப்படிக் கொடுத்தா அவர் உங்க கையெழுத்தையும் சேர்த்து இரும்புல வார்த்துடுவார்."

ஹாலே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் அழிக்கவில்லை. முடியவில்லை என்பதுதான் உண்மை. ரப்பரைக் கையில் எடுப்பார், ஷீட் அருகே கொண்டுபோவார், சின்னக் குழந்தையின் வாயிலிருந்து மிட்டாயைப் பிடுங்கப் போகிறவர் மாதிரி கை நிற்கும், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை டிராயிங் போர்டானது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

"கூம்பை எதுக்கு வெட்டறாங்க?" என்றார் அத்தை ஒருநாள்.

"வெட்டினா உள்ள என்ன வடிவம் வருதுன்னு பார்க்க."

"கேரட்டை வெட்டுங்க, காட்டும். சமையலுக்கும் ஆகும்."

மாமா உண்மையாகவே எழுந்துபோய் ஒரு கேரட்டைச் சாய்வாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தின்றுவிட்டார். அன்று வரைந்த ஷீட்டில் கையெழுத்துக் கொஞ்சம் குறைவு.

"மாமா, உங்க ஷீட்டைப் பார்த்தா நடிகர்கிட்ட ஆட்டோகிராப் வாங்கின மாதிரி இருக்கு" என்றேன்.

"உன் பத்தாம் வகுப்பு விடைத்தாளைவிடப் பரவாயில்ல, வாலு. அதுல உன் பேரு மட்டும்தான் இருந்துது."

இடைத்தேர்வு வந்தது. மார்க் வரிசைப்படி பலகையில் ஒட்டினார்கள். அறுபத்து மூன்றுக்கு நேரே சிவப்பு. அறுபத்து நாலுக்கு நேரேயும் சிவப்பு. டைப்பிஸ்ட் அக்கா பலகையைப் பார்த்துவிட்டு, "கம்பெனி கிடைச்சுது சார்" என்றார். வரிசையில் முதலில் இருந்தே பழகிய மாமாவின் கண் பட்டியலின் மேல் பக்கமாகத் தன் எண்ணைத் தேடி, மெதுவாகக் கீழே கீழே இறங்கிவந்து கடைசிக்கு முன்னால் நின்றது. அப்படி நிற்கிற முகத்தை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கடுகு நேராக என் கவுண்டருக்கு வந்தார். கையில் அந்த மார்க் பட்டியல். "இருபது காப்பி போடும்மா. துறைக்கு ஒண்ணு அனுப்பணும்."

"மிஷினுக்கு உடம்பு சரியில்ல சார்."

"லைட் எரியுதே?"

"காய்ச்சல் சார். அதான் சூடா இருக்கு."

பொரிந்துகொண்டே போய்விட்டார். மிஷின் அவர் முதுகு மறைந்ததும் குணமாகிவிட்டது. இந்த மாதிரி வியாதிகளுக்கு மருத்துவத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

மாமா கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் விடைத்தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கப் போனேன். வேறு மேஜைகளில் இடம் இருந்தும் ஒட்டடைக்குச்சி அவர் முன்னால் போய் நின்றான். காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"சார், நானும் ஃபெயில்."

"உட்காரு."

அவன் உட்கார்ந்தான். அவன் தைரியத்தைப் பார்த்து இன்னும் ரெண்டு மூன்று சிவப்புகள் வந்து உட்கார்ந்தன. டைப்பிஸ்ட் அக்கா பஜ்ஜித் தட்டை நடுவில் வைத்தார். தோற்றுப்போனவர்கள் மாநாடு கூடிவிட்டது.

ஒட்டடைக்குச்சி மாமாவின் தாளில் விரலை வைத்தான். "சார், இந்தக் கோடு. நீங்க அடிச்சிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்கள்ல? நானும் இதே தப்பைத்தான் பண்ணேன்."

"உன் தாள்ல காணோமே?"

"அழிச்சிட்டேன் சார்."

"அட, நானும் அங்கதான்" என்றாள் பக்கத்திலிருந்த பெண். "மேல் தோற்றத்துல எந்தப் புள்ளியை எதோட சேர்க்கணும்னு தெரியாம, சும்மா ஒண்ணைச் சேர்த்து, அழிச்சு, இன்னொண்ணைச் சேர்த்து, அழிச்சு..."

டைப்பிஸ்ட் அக்கா தன் தாளைத் தூக்கிக் காட்டினார். அந்த இடத்தில் காகிதமே மெலிந்து அந்தப்பக்கம் தெரிந்தது.

டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன மாமாவின் கை பாதி வழியில் நின்றது. "எல்லாரும் ஒரே குழியிலதான் விழுந்திருக்கோம்" என்றார். "நீங்க ஏறி வந்து குழியை மூடிட்டுப் போயிருக்கீங்க. அப்ப அங்க குழி இருக்குன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படிப்பா தெரியும்?"

அந்தப் பொண்ணு என்றது மேடத்தை.

மறுநாள் வகுப்பில் அறுபத்து மூன்று கை தூக்கியது. "மேடம், ஒரு சந்தேகம்." மாமா தன் தாளைக் கொண்டுபோய்க் காட்டினார். நாங்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் தடுமாறுகிறோம் என்று சொன்னார்.

மேடத்தின் முகம் சட்டென்று மாறியது. சாக்பீஸ் கையில் உடைந்தது. "நான் சரியா நடத்தலைங்கறீங்களா சார்?"

மாமா சொல்கிற ஒரு சொல்லில் அந்த மேடத்தின் வேலை அடுத்த வருஷம் புதுப்பிக்காமல் போகலாம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மேடத்துக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

"அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்ல மேடம்" என்றார் மாமா. "நான் ஃபெயிலான பையன். நான் எங்க தொலைஞ்சு போனேன்னு மட்டும்தான் சொல்றேன்."

மேடம் விட்ட இடத்திலிருந்து பாடத்தை முடித்தார். ஆனால் அடுத்த வகுப்பில் வந்ததும் வராததுமாக, "ஒரு வாரத்துக்கு யாரும் ரப்பரைத் தொடாதீங்க. சார் மாதிரி அடிச்சிட்டு வரைங்க. கையெழுத்து வேண்டாம், தேதி வேண்டாம். தப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றார். அந்த ஷீட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கரும்பலகையில் பழைய கூம்பையே மறுபடி வரைந்தார். இந்தத் தடவை வட்டத்தின் மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் போட்டார். முன்பக்கப் புள்ளி எது, அதே கோட்டில் ஒளிந்திருக்கும் பின்பக்கப் புள்ளி எது என்று இரண்டு இரண்டாகக் காட்டினார்.

"இந்த எண்ணெல்லாம் என் தலைக்குள்ளயே இருந்துது" என்றார் பலகையைப் பார்த்தபடியே. "போர்டுல போட்டிருக்கேன்னு இத்தனை வருஷமா நினைச்சிக்கிட்டிருந்தேன்."

ஹால் முழுக்க 'ஆ' என்று ஒரு மூச்சு எழுந்தது. என் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அதில் மாமாவின் மூச்சும் இருந்தது. அவ்வளவு பெரிய மனுஷன், பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, வாயைப் பிளந்து, சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனக்குள்ளயும் இப்படி எத்தனை எண் மாட்டிக்கிட்டிருக்கோ" என்று அத்தையிடம் கேட்டார். அத்தை, "வாயைத் திறந்தா பார்த்துச் சொல்றேன்" என்றார்.

தன் வகுப்பில் மாமா ரப்பர் இல்லாத தாள் கேட்டார். பேனாவால் எழுதட்டும், அடிக்கட்டும், அடித்ததைத் தன்னிடம் காட்டட்டும் என்றார். பசங்க நம்பவில்லை. ஆசிட் சார் புதுவிதமான பொறி வைக்கிறார் என்று வளாகமெங்கும் எச்சரிக்கை பறந்தது. முதல் தடவை நாலைந்து தாள்தான் வந்தது. அதிலும் ஒருவனிடம், பழக்க தோஷம், "இதுகூடவா" என்று ஆரம்பித்துவிட்டாராம். பாதியில் நிறுத்தி, தொண்டையைச் செருமி, "எந்த வரியில தொலைஞ்சே?" என்று மாற்றியிருக்கிறார். அந்தப் பையன் அதைக் கேட்டு இன்னும் பயந்துபோனான் என்று ஒட்டடைக்குச்சி சொன்னான். பிறகு பழகிவிட்டது. சமன்பாட்டில் எந்த இடத்தில் எல்லாரும் சறுக்குகிறார்கள் என்று மாமா கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். பாதி இடங்களில் சறுக்கலுக்கு எண்ணெய் ஊற்றி வைத்திருந்தது அவரேதான். அந்தப் பருவம் வேதியியலில் போனவர்கள் கால்வாசிகூட இல்லை. துறையில் யாரும் அதை நம்பாமல் இரண்டாவது முறை கூட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் மாமாவின் டிராயிங் பரீட்சை அவருடையது. அதை யாரும் அவருக்காக எழுத முடியாது. இறுதித் தேர்வில் சுத்தமான தாள் கொடுக்க வேண்டும், அடித்தல் இருக்கக் கூடாது. அதற்கு அழிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒட்டடைக்குச்சிதான் கற்றுக்கொடுத்தான். எங்கள் வாசலில் இருவரும் உட்கார்ந்து, "மெதுவா சார், ஒரே பக்கமா, தேய்க்காதீங்க, துடைங்க" என்று அவன் சொல்ல, வேதியியல் பேராசிரியர் நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு ஒரு கோட்டை அழித்தார். அழித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், கொலை செய்துவிட்ட மாதிரி.

பரீட்சையில் ஒரே ஒரு கோடு தவறிப்போனது. அழித்தார். நிழல் தெரிந்தது. மறுபடி அழித்தார். மறுபடி. முப்பது வருஷம் அழிக்காத கை ஒரே நாளில் மொத்தத்தையும் அழித்தது. கூம்பின் நடுவில் தாள் கிழிந்து ஓட்டை விழுந்துவிட்டது. நேரமும் போய்விட்டது.

பலகையில் டைப்பிஸ்ட் அக்கா பாஸ். ஒட்டடைக்குச்சி பாஸ், நல்ல மார்க். வகுப்பில் முக்கால்வாசிக்கு மேல் பாஸ். அறுபத்து மூன்று, பாஸ் மார்க்குக்குக் கையெட்டும் தூரத்தில், சிவப்பு.

மறுபடி கூட்டம். குறிப்பெடுக்க மறுபடி டைப்பிஸ்ட் அக்கா. அவர் சொன்னது இது. கடுகு எழுந்து, "ஃபெயில் ஆனா மூடறதுன்னு பேச்சு. மூடிடலாம்" என்றார். வேறொருவர் இரக்கப்பட்டு, கொஞ்சம் மார்க் கூட்டிப் போட்டால் தீர்ந்தது என்று மேடத்தைப் பார்த்தார். வேலை நிரந்தரமில்லாத அந்த மேடம் எழுந்து நின்றார். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லையாம்.

"போடமாட்டேன் சார். போட்டா என்னைவிட அவருக்குத்தான் அசிங்கம். தாள்ல ஓட்டை இருக்கு."

"சரியாச் சொன்னீங்க" என்றாராம் மாமா. அப்புறம் துணைவேந்தர் பக்கம் திரும்பி, "ஃபெயிலான பசங்களுக்குத் துணைத்தேர்வு உண்டு. அது முடியாம யாரையும் ஃபெயில்னு நாம வீட்டுக்கு அனுப்பறதில்ல. இந்த வருஷம் நானும் பையன்தானே?"

கடுகே சிரித்துவிட்டாராம். முடிவு துணைத்தேர்வுக்குப் பிறகு என்றானது.

துணைத்தேர்வு எழுதிவிட்டு வந்த மாமா சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எப்படி எழுதினீர்கள் என்று அத்தை கேட்டார். "அந்த ஹால்ல யாரும் யார் முகத்தையும் பார்க்கல, தெரியுமா" என்றார் மாமா. "நானே பசங்களை இங்க அனுப்பியிருக்கேன், எத்தனையோ வருஷம். அந்த ஹால் வாசலைக்கூட நான் எட்டிப் பார்த்ததில்ல." அடுத்த நாளிலிருந்து துணைத்தேர்வு நடக்கும் நேரமெல்லாம் அந்த வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பரீட்சை முடித்து வெளியே வருகிற பசங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார். "டீ குடிக்கலாமா?" என்று மட்டும் கேட்பார். ஆசிட்டிடம் டீ வாங்கிக் குடித்ததாகச் சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள் என்று ஒருவன் டம்ளரோடு அவரைப் படமெடுத்துக்கொண்டு போனான்.

ரிசல்ட் வந்த காலை நான் கடையைத் திறக்கும் முன்பே பலகைக்குப் போய்விட்டேன். சும்மா, போகிற வழிதான். பட்டியலைப் பார்த்தேன். அறுபத்து மூன்றைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். பிறகு முகத்தை நன்றாகத் தொங்கப் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வீட்டுக்கு வந்தேன். மாமா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"மாமா..."

"ம்."

"போச்சு மாமா."

அத்தை உள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார். செயின் ஒழுங்காக ஓடியது. என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு?"

"சொல்ற மாதிரி இல்ல. கடுகு சார் ஸ்வீட் வாங்கக் கிளம்பிட்டாரு."

மாமா அத்தையைப் பார்த்தார். "இவளுக்கு டீ போடும்மா. நான் பாஸ் ஆயிட்டேன்."

"யார் சொன்னது?" என்றேன்.

"நீதான்."

"நான் போச்சுன்னுதானே சொன்னேன்!"

"நிஜமா போயிருந்தா நீ இந்த வாசல் பக்கமே வந்திருக்க மாட்ட, வாலு. எங்கயாவது ஒரு மூலையில உட்கார்ந்து அழுதுட்டு, இருட்டினப்புறம் மூஞ்சியக் கழுவிட்டு வந்திருப்ப."

"நான் எதுக்கு அழணும்? பரீட்சை எழுதினது நீங்க. எனக்கு என்ன வந்துது?"

"அதை என்னைக் கேட்டா? மூக்கைக் கேளு" என்றார் மாமா, கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "சந்தோஷத்துலயே இவ்வளவு சிவந்திருக்கு."